'டுமாரோ ஸ்டார்ட்டட்' பாட்டுக்கு ஏன் இரண்டாம் இடம்

டாக் டாக் என்ற ஆங்கில இசைக்குழுவின் சிறந்த ஐந்து பாடல்கள் எவை என்று கேட்டால் ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது 'இட்ஸ் மை லைஃப்', 'சச் எ ஷேம்' பாடிய குழு: சிந்தசைசர், ஆடவைக்கும் தாளம், அதன்மேல் தவிப்போடு வரும் மார்க் ஹோலிஸின் குரல். இன்னொரு கட்சிக்கு அந்தக் குழு பிறந்ததே 1988-இல், 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வெளிவந்தபோதுதான். அதற்கு முந்தையதெல்லாம் அவர்களுக்கு ஒத்திகை. இன்று இந்த இரண்டாவது கட்சியின் கைதான் ஓங்கியிருக்கிறது. கடைசி இரண்டு ஆல்பங்களின் பாடல்களை மேலே அடுக்கிவிட்டு, பழையதிலிருந்து ஒன்றிரண்டை மரியாதைக்குச் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கடைசி ஆல்பங்கள்மேல் எனக்கு இருக்கும் பிரியம் யாருக்கும் குறைந்ததில்லை. என் முதலிடமும் அங்கிருந்துதான். ஆனாலும் 1984-ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஹிட் ஆகாத ஒரு பாட்டுக்காக எங்கள் கூட்டத்தில் நான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டாக் டாக் 1981-இல் லண்டனில் தொடங்கிய குழு. ஹோலிஸ் பாட்டு, லீ ஹாரிஸ் டிரம்ஸ், பால் வெப் பேஸ், சைமன் பிரென்னர் கீபோர்ட். 1982-இல் முதல் ஆல்பம் வந்தபோது எல்லாரும் டுரான் டுரானோடு ஒப்பிட்டார்கள். ஒப்பிடக் காரணமும் இருந்தது: டுரான் டுரானின் தயாரிப்பாளரே இவர்களுக்கும் தயாரிப்பாளர், அந்தக் குழுவின் சுற்றுப்பயணத்தில் அவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் இவர்கள் வாசிக்கவும் செய்தார்கள். பிறகு பிரென்னர் விலகினார். டிம் ஃப்ரீஸ்-கிரீன் தயாரிப்பாளராக வந்து, ஹோலிஸோடு சேர்ந்து பாட்டு எழுதும் கூட்டாளியானார். 1984-இல் 'இட்ஸ் மை லைஃப்', 1986-இல் 'த கலர் ஆஃப் ஸ்பிரிங்', 1988-இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 1991-இல் 'லாஃபிங் ஸ்டாக்'. அதோடு முடிந்தது. ஹோலிஸ் 1998-இல் தன் பெயரில் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு இசை உலகை விட்டே விலகினார். 2019 பிப்ரவரியில் காலமானபோது அவருக்கு 64 வயது.

ஐந்து ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு ஆல்பமும் அதற்கு முந்தைய ஆல்பத்துக்கு எதிராக அவர்களே போட்ட ஓட்டு. சிந்தசைசரை வைத்துப் பெயர் வாங்கியவர்கள், காசு கையில் வந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டு ஆர்கன், ஹார்மோனிக்கா, டபுள் பேஸ் என்று போனார்கள். 1986-க்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. பட்டியல் போடும் வேலை இங்குதான் சிக்கலாகிறது. ஒரு கலைஞன் தன் பழைய வேலையைத் தாண்டிப் போய்விட்டான் என்பதற்காக ரசிகனும் கூடவே தாண்டிப் போக வேண்டுமா? எனக்கு அதில் சம்மதமில்லை.

எங்கள் கூட்டம் கூடுவது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்டோரில். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிற அண்ணன் ஒருவர் தன் பாக்ஸ்களை அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறார். நான் பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போவேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் வருவார். உறுமி மேளக் குழு வைத்திருக்கிற தம்பி ஒருவன், வேலை முடிந்து மோட்டாரில் வருவான். ஆளுக்கு ஐந்து பாட்டு. முதல் பாட்டுக்கு ஐந்து மார்க், கடைசிப் பாட்டுக்கு ஒன்று. நேரலைப் பதிவு செல்லாது, ஹோலிஸின் தனி ஆல்பம் செல்லாது, எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் விதி.

பாட்டுக்கு மார்க் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் நாட்டுத் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறுவதற்கு முன்னால், 'வானொலி ஆறு' என்று இருந்த காலத்திலேயே நேயர் விருப்பம் கேட்டுக்கொண்டு ராஜாவின் எந்தப் பாட்டு உசத்தி என்று வீட்டுக்கு வீடு சண்டை போட்டவர்கள் நாங்கள். ஆனால் அந்தச் சண்டை இசையமைப்பாளரைப் பற்றியது, இல்லாவிட்டால் பாடகரைப் பற்றியது. நாலு பேர் சேர்ந்து ஒரே ஆளாக நிற்பது, அந்த நாலு பேரும் வருடத்துக்கு வருடம் மாறுவது, இதைப் பினாங்குத் தமிழர்களாகிய எங்களுக்குக் காட்டியது அலிகேட்ஸ் குழு. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பி, நம் ஊர்ப் பிள்ளைகள், மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள். 2007-இல் லோகநாதன் இறந்தபோது என் அம்மாவுக்கு ஒரு வரி மலாய்ப் பாட்டு முழுதாகத் தெரியாது, ஆனாலும் அழுதார். ஒரு பேண்டை நேசிப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான்.

டாக் டாக் எனக்குக் கேசட்டில் வந்தது. 1987-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்கு முன்னால் பினாங்கு ரோட்டில் திருட்டுக் கேசட் விற்காத மூலையே இல்லை. 'த கலர் ஆஃப் ஸ்பிரிங்' ஆல்பத்தை அறுபது நிமிடக் கேசட்டில் அடித்து, மிச்சம் இருந்த நாடாவை வீணாக்கக் கூடாது என்று வேறு யாருடைய பாட்டையோ நிரப்பி விற்றார்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எட்டு நிமிடம் ஓடி, கோரஸ் குரல்கள் அடங்கி முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு டிஸ்கோ பாட்டு கிளம்பும். பல வருடம் எனக்கு அந்த ஆல்பத்தின் முடிவே அதுதான். ஒரு பாட்டின் மதிப்பு அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதில் பாதி இருக்கிறது என்று அந்தக் கேசட்டில்தான் எனக்குப் புரிந்தது. பட்டியல் போடுகிறவர்கள் பாட்டைத் தனியாகப் பிய்த்து எடுத்து நிறுத்தும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

சவுண்ட் அண்ணனின் முதலிடம் 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்'. 1986-இல் இங்கிலாந்துத் தரவரிசையில் 16-ஆம் இடம் வரை போன பாட்டு. ஆல்பத்தில் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, விடத் தக்க பாட்டு இல்லையே என்று நிர்வாகத் தரப்பு நெருக்கியதால் கடைசியில் எழுதியது. பியானோவின் கீழ்க்கட்டைகளில் ஒரே ஒரு சிறு சுரக்கட்டு. பாட்டு தொடங்கி முடியும்வரை அது மாறுவதே இல்லை. மேலே கிடார் வரும், ஆர்கன் வரும், கோரஸ் வரும், கீழே அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அண்ணன் சொல்வது: "கம்பெனிக்காரன் கேட்டான்னு எழுதுன பாட்டு லா இது. கேட்டதுக்கு எழுதியே இவ்ளோ தரமா வந்துருக்குன்னா, அது பெரிய வேலை இல்லையா?" கல்யாண மண்டபத்தில் காலம் முழுவதும் பிறர் கேட்ட பாட்டைப் போட்டே பிழைத்தவர் சொல்கிற நியாயம் அது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்வது கடினம். இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐ 1990-இல் பழைய ஹிட்களைத் தொகுத்து 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்று போட்டது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1984-இல் இங்கிலாந்தில் 46-ஆம் இடத்தில் நின்றுபோன 'இட்ஸ் மை லைஃப்' அப்போது மறுபடி வெளியாகி 13-ஆம் இடம் பிடித்தது. 2003-இல் நோ டவுட் குழு அதையே பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பின்னால் வந்த அமைதியான ஆல்பங்களைத் தேடி வந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்தப் பாட்டு.

உறுமித் தம்பிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவனுடைய முதலிடம் 'ஆஃப்டர் த ஃபிளட்'. 'லாஃபிங் ஸ்டாக்' ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல். லீ ஹாரிஸ் ஒரு தாளத்தைப் பிடித்தால் பிடித்ததுதான், விடுவதில்லை. நடுவில் ஒரே ஒரு சுரம் கரகரத்த அலறலாக எழுந்து, கீழே இறங்காமல், வேறு சுரத்துக்கும் போகாமல் நீண்டுகொண்டே இருக்கும். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் டிரம்ஸையும் ஏற்றி அடித்திருப்பார்கள். ஹாரிஸ் ஏற்றவில்லை. "அக்கா, தைப்பூசத்துல தண்ணீர்மலை ஏறும்போது காவடிக்காரருக்கு அருள் எறங்குற நேரம் இருக்குல்ல, அப்ப மேளக்காரன் ஆடக் கூடாது. அவனும் ஆடிட்டா எல்லாம் போச்சு. இந்த டிரம்ஸ்காரனுக்கு அது தெரிஞ்சிருக்கு." அந்தப் பாட்டைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடச் சரியான பேச்சு இல்லை. அவன் சொன்ன பிறகு என் ஐந்தில் அந்தப் பாட்டும் ஏறியது.

சவுண்ட் அண்ணன் இதோடு ஒன்றைச் சேர்த்தார். கடைசி இரண்டு ஆல்பங்களையும் ஒலிப்பதிவு செய்தவர் ஃபில் பிரவுன். லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் எண்ணெய்ச் சாய வெளிச்சம் சுழல, இருட்டில் பதிந்தார்கள். 'லாஃபிங் ஸ்டாக்'குக்கு டிரம்ஸ் பக்கத்தில் மைக்கை ஒட்டி வைக்காமல் வெகுதூரம் தள்ளி வைத்தார். அதனால்தான் டிரம்ஸோடு சேர்ந்து அந்த அறையும் நமக்குக் கேட்கிறது. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, என்ன பாட்டு என்றே சரியாகத் தெரியாமல் வாசித்துவிட்டுப் போனார்கள். வாசித்ததில் பெரும்பகுதியை ஹோலிஸும் ஃப்ரீஸ்-கிரீனும் அழித்தார்கள். "நம்ம ஊர்ல மைக்க வாயில ஒட்டி வச்சாதான் காசு குடுத்ததுக்குத் திருப்தி" என்றார் அண்ணன். பிறகு தன்னிடம் இருப்பதிலேயே பெரிய பாக்ஸ் இரண்டைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் வைத்து, எங்களைக் கடைசி மூலைக்குப் போய் உட்காரச் சொன்னார்.

'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தைப் பிறையில் கேட்பது சுலபமில்லை. முதல் பாட்டான 'த ரெயின்போ' தொடங்கும்போது ஒலி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு டிரம்பெட், தந்திக் கருவிகளின் மெல்லிய கோடு, எங்கிருந்தோ வரும் சத்தங்கள். அப்புறம்தான் கிடார் ஒன்று மெதுவாக வழுக்கி உள்ளே வரும். அதைக் கேட்க வேண்டுமென்றால் மின்விசிறியை அணைக்க வேண்டும். தகரக் கூரை போட்ட ஸ்டோர், கதவையும் சாத்தியாயிற்று, வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். வேர்த்துக் கொட்டும். டீச்சர் முந்தானையால் விசிறிக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வார். மார்க் ஃபெல்தமின் ஹார்மோனிக்கா கிழித்துக்கொண்டு வரும் இடத்தில் உறுமித் தம்பி ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்காருவான். 'த ரெயின்போ', 'ஈடன்', 'டிசையர்' மூன்றும் ஒரே மூச்சில் போவதால் விதிப்படி நடுவில் நிறுத்தவும் முடியாது. கோயிலில் நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிக்கும்போது பாட்டு எப்போது வரும் என்று நாம் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஆல்பம் புதிராக இருக்க நியாயமே இல்லை. 1988-இல் இதை எப்படி விற்பது என்று தெரியாமல் ஈஎம்ஐ திண்டாடியது, வழக்கு வரை போனது என்பதெல்லாம் எனக்கு இன்றும் வியப்பு.

ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் 'ஐ பிலீவ் இன் யூ' இருக்கிறது. டீச்சரின் முதலிடம் அது. ஹெராயினைப் பற்றிய பாட்டு. ஹோலிஸின் அண்ணன் எட், எடி அண்ட் த ஹாட் ராட்ஸ் குழுவின் மேலாளராக இருந்தவர், அந்தப் போதையில் சிக்கியவர். தெருவில் வீணாய்க் கிடக்கும் இளசுகளைத் தன் கண்ணால் பார்த்ததைப் பாட்டு சொல்கிறது, போதாதா என்று கேட்கிறது. பழி போடுவதில்லை. பிறகு செம்ஸ்ஃபர்ட் தேவாலயப் பாடகர் குழுவின் குரல்கள் எழும்புகின்றன. ஹோலிஸ் ஒரே ஒரு சொல்லை நீட்டிக்கொண்டு அவற்றுக்கு அடியில் நிற்கிறார். ஆறு நிமிடம் ஓடும் இந்தப் பாட்டைத்தான் கம்பெனி வெட்டிச் சுருக்கி சிங்கிளாக விட்டது. வெட்டியதில் அந்தக் குரல்கள் எழும்பக் காத்திருக்கும் நேரம் போய்விட்டது. நேரம் போனால் அந்தப் பாட்டில் என்ன மிச்சம்?

டீச்சர் அதிகம் பேச மாட்டார். இந்தப் பாட்டு முடிந்தபோது பேசினார். "எங்க தோட்டத்துல சம்சு குடிச்சுச் செத்தவங்கள பாத்துருக்கேன். அப்புறம் அவங்க பிள்ளைங்க போதை மருந்துப் பக்கம் போனதையும் பாத்துருக்கேன். ரெண்டு தலைமுறையும் என் வகுப்புல உக்காந்து படிச்சதுங்கதான். போதையைத் திட்டுற பாட்டு நம்மகிட்ட எவ்ளோ இருக்கு. விழுந்து கெடக்குறவன இன்னும் மனுசனா பாக்குற பாட்டு எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பாட்டு எங்கள் கூட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அந்த இரவில்தான். மறுகணக்கு கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

என் முதலிடம் 'நியூ கிராஸ்'. 'லாஃபிங் ஸ்டாக்'கின் ஐந்தாவது பாட்டு. இரண்டாவது பாட்டான 'அசென்ஷன் டே' உச்சத்தில் இருக்கும்போதே கத்தி வைத்ததுபோல் நின்றுவிடும். மூன்றாவது, தம்பியின் 'ஆஃப்டர் த ஃபிளட்'. நான்காவதான 'டாப்ஹெட்' கிட்டத்தட்ட வெறும் மூச்சு. இவ்வளவையும் கடந்து வந்த பிறகு ஹாரிஸ் சிம்பலில் ஒரு சின்ன நடையைத் தொடங்குகிறார், கிடார் இரண்டு மூன்று சுரங்களை ஒளியோடு வைக்கிறது, ஒன்பது நிமிடத்துக்கு மேல் எதற்கும் அவசரம் இல்லை. குரல் வருகிறது, போகிறது. தனியாக எடுத்துப் போட்டால் அழகான பாட்டு, அவ்வளவுதான். முன்னால் உள்ள நான்கையும் கேட்டுவிட்டு வந்தால், வேறு எந்த இசையிலும் எனக்குக் கிடைக்காத ஒரு விடுதலை அதில் கிடைக்கிறது. ஹோலிஸ் ஆசைப்பட்டது இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் என்று நம்புகிறேன்.

அப்படியென்றால் நானும் இரண்டாவது கட்சிதானே என்று சவுண்ட் அண்ணன் கேட்டார். இல்லை. என் இரண்டாம் இடத்தைப் பாருங்கள்: 'டுமாரோ ஸ்டார்ட்டட்'.

'இட்ஸ் மை லைஃப்' ஆல்பத்தைக் கேசட்டில் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஹிட்டான தலைப்புப் பாட்டு முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. அது முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் முதலில் வருவது 'டுமாரோ ஸ்டார்ட்டட்'. ஏறக்குறைய ஆறு நிமிடம். தொடக்கத்தில் தாளம் கொஞ்சம், பேஸ் கொஞ்சம், மற்றதெல்லாம் வெளி. பால் வெப்பின் பேஸ் வழுக்கிப் போகிறது. ஹோலிஸ் மெதுவாக, யாரிடமோ தனியாகப் பேசுவதுபோல் பாடுகிறார். பல்லவி வரும்போது ஒரேயடியாக வெடித்து, மறுபடி அதே வெளிக்குத் திரும்புகிறது. டிரம்பெட் வருகிறது. அந்த ஆல்பத்தில் டிரம்பெட் ஊதிய ஹென்றி லோதர்தான் நான்கு வருடம் கழித்து 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்திலும் ஊதினார். ஒதுங்கி நிற்பது, வெடிப்பது, மறுபடி ஒதுங்குவது என்கிற அந்த நடை 'டிசையர்' பாட்டில் முழு உருவம் எடுக்கிறது. ஆக, 1988-இல் வானத்திலிருந்து குதித்தது எதுவும் இல்லை. ஹிட் பாட்டுக்கு அடுத்த பக்கத்தில், ஒரு திருப்பு தூரத்தில், எல்லாம் ஏற்கெனவே இருந்தது. 1986 ஆல்பத்தில் உள்ள 'ஏப்ரல் ஃபிஃப்த்', 'கமீலியன் டே' இரண்டும் அதே பாதையில் அடுத்த அடிகள். ஒத்திகை என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடாதவர்கள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "டிரம்ஸ் சத்தம் எண்பதுகளோட சத்தம், அத மறைக்க முடியாது" என்கிறார். உண்மைதான், அடி விழும்போது அந்தக் காலத்துப் பளபளப்பு கேட்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்தப் பளபளப்புக்குள் மாட்டிக்கொண்டே ஹோலிஸ் வெளியே போக வழி தேடுவது கேட்கிறது என்பதுதான் அந்தப் பாட்டின் அழுத்தம். வெளியே போய்ச் சேர்ந்தபின் பாடிய பாட்டில் அது இருக்க முடியாது. தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டினான். டீச்சர் தன் ஐந்தில் அதற்கு இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கூட்டுப் பட்டியல் இப்போதைக்கு இப்படி நிற்கிறது: 'ஐ பிலீவ் இன் யூ', 'ஆஃப்டர் த ஃபிளட்', 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்', 'நியூ கிராஸ்', 'த ரெயின்போ'. 'டுமாரோ ஸ்டார்ட்டட்' வாங்கியது என்னுடைய நான்கு மார்க் மட்டும். 1986 ஜூலையில் மோன்ட்ரோ விழாவில் அதை வாசித்த பதிவு இருக்கிறது, அதில் அண்ணன் குறை சொல்லும் ஸ்டூடியோப் பளபளப்பு இல்லை. நேரலை செல்லாது என்பது விதி. மார்க் போடத்தான் செல்லாது, கேட்கச் செல்லும் என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் ஓடவிடப் போகிறோம், பெரிய பாக்ஸில்.